ஒரே பெட்டிக்குள் இரண்டு கும்பிடுபூச்சி

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்க இருக்கிறோம்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆளுக்கொரு கும்பிடுபூச்சியோடு வந்தார்கள். ஒன்று சுருவில் வயல் வரம்பில் பிடித்தது. மற்றது வீட்டுக் கிளுவை வேலியில் பிடித்தது. இரண்டையும் ஒரே ஜாம் போத்தலில் விட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, யன்னல் கட்டில் வைத்துவிட்டுக் கணக்குப் பாடத்தைத் தொடங்கினோம். இடைவேளைக்குப் போய்ப் பார்த்தால் போத்தலில் ஒன்றுதான் முழுதாக இருந்தது. மற்றதின் சிறகுகளும் ஒரு காலும் அடியில் கிடந்தன.

ஒரு பிள்ளை அழுதது. மற்றவர்கள் மிஞ்சியதைக் "கொலைகாரி" என்றார்கள். "கும்பிட்டுக் கும்பிட்டே சாப்பிட்டிட்டுது சேர், கள்ளப் பூச்சி" என்று ஒருத்தன் செருப்பைக் கழற்றியும் விட்டான். செருப்பைத் தடுத்துவிட்டோம். ஆனால் பிள்ளைகளுக்கு என்ன விளக்கம் சொல்வதென்று அந்த நேரம் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டது யார்? நாங்கள்தானே. அன்றிரவு தொடங்கிய தேடலில் கிடைத்த கதை எங்கள் ஜாம் போத்தலை விடப் பழையது. அதில் ஒரு பகுதி இலங்கையிலேயே நடந்தது.

சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். இலங்கை பற்றிய அவருடைய பெரிய நூல் 1859இல் வந்தது. 1861இல் இலங்கையின் விலங்குகள், பறவைகள், பூச்சிகள் பற்றித் தனியாக இன்னொரு நூல் வெளியிட்டார். அதில் கும்பிடுபூச்சிக்கும் ஒரு சின்ன இடம் கிடைத்திருக்கிறது. இரண்டைப் பிடித்து ஒரு பெட்டிக்குள் போட்டாராம். சில மணித்தியாலங்களில் இரண்டுமே ஒன்றையொன்று துண்டு துண்டாக வெட்டிச் செத்துக் கிடந்தனவாம். பார்வைக்குச் சாதுவும் பக்தியுமாகத் தோன்றுகிற இந்தப் பூச்சியின் குணம் அந்தத் தோற்றத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்பது அவருடைய தீர்ப்பு. எங்கள் வகுப்பில் செருப்பைக் கழற்றியவனும் இதைத்தான் சொன்னான். அவன் டெனன்டை வாசித்ததில்லை.

அந்தப் பெட்டியின் அளவு என்ன, உள்ளே ஏறி நிற்க ஒரு குச்சியாவது இருந்ததா, அவைக்கு இரை போட்டாரா என்ற கேள்விகளை டெனன்ட் எழுப்பவில்லை. பெட்டியை மூடிய கையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

அவருக்கு நூறு வருசத்துக்கு முந்தியே இதே பிழையை இன்னொருவர் செய்திருந்தார். ஜெர்மனியின் நியூரம்பேர்க்கில் வாழ்ந்த ரோசல் என்ற நுண்ணோவியர், 1705இல் பிறந்தவர். பூச்சிகளைத் தானே வளர்த்து, வளர்ந்தபடியே வரைகிற பழக்கமுள்ளவர். கும்பிடுபூச்சி முட்டைக் கூடொன்றை ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்தார். குஞ்சுகள் வெளிவந்தன. இலை போட்டார், தொடவில்லை. எறும்பு போட்டார். குஞ்சுகள் எறும்புக்குப் பயந்து ஒதுங்கின. ஈ போட்டதும் பாய்ந்து பிடித்தன. அதோடு விடாமல் ஒன்றையொன்றும் தின்றன. கடைசியில் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து வேறு வேறு கண்ணாடிகளில் வைத்தார். ஒவ்வொரு கண்ணாடியிலும் பலமானது மற்றவற்றைத் தின்றுவிட்டது. முழு வளர்ச்சி வரைக்கும் ஒன்றைக்கூடக் கொண்டுபோக முடியவில்லை. ஆனாலும் ரோசல் தோற்ற இடத்திலேதான் வளர்ப்பு முறையின் முதல் பாடங்கள் இருக்கின்றன. இலை தின்னாது. எறும்பு அதற்குச் சாப்பாடல்ல, எதிரி. குஞ்சுக்குச் சின்ன ஈ வேண்டும். கூட்டமாக அல்ல, ஒவ்வொன்றாகத் தனியே வைக்க வேண்டும். அந்தக் கடைசிப் பாடத்தைச் சிறு கூட்டமாகப் பிரிக்கிற அளவில் நிறுத்திவிட்டார், பாவம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1758இல் லின்னேயஸ் இதற்கு 'மன்டிஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் குறி சொல்கிறவன் என்று அர்த்தம். ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் இனத்தின் பெயரோடு பக்தியுள்ளது என்ற பொருள் தரும் சொல்லையும் சேர்த்துவிட்டார். அரபியில் இது 'ஃபரஸுன் நபி', நபியின் குதிரை. துருக்கியில் நபியின் ஒட்டகம். தமிழில் கும்பிடுபூச்சி. சில இடங்களில் பெருமாள் பூச்சி. எங்கள் வீட்டில் சின்ன வயதில் நாங்கள் தொழுகைப் பூச்சி என்போம். யாரும் அந்தப் பூச்சியைக் கேட்டுப் பெயர் வைக்கவில்லை. இரை பிடிப்பதற்காக மடித்து வைத்த முன்னங்காலைக் கும்பிடு என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, பிறகு அது இரை பிடித்தபோது கள்ளப் பூச்சி என்று நாங்களே கோபித்துக்கொள்கிறோம்.

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த ஆளுக்கு வருவோம். ஜோன் ஹென்றி ஃபாபர், பிரெஞ்சுக்காரர், 1823இல் பிறந்தவர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மாலை நேரத்துப் பொது வகுப்பில் இளம் பெண்களும் கேட்டிருக்கப் பூவில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறதென்று படிப்பித்தார் என்பதற்காக ஊரில் எதிர்ப்புக் கிளம்பி, 1870 அளவில் வேலையையும் விட்டு, இருந்த வாடகை வீட்டையும் விட்டு எழும்ப வேண்டி வந்தது. அந்த நேரம் 3000 பிராங்க் கடன் கொடுத்துக் கைகொடுத்தவர் தத்துவ அறிஞர் ஜோன் ஸ்ருவர்ட் மில். வீடு விட்டு எழுப்பப்பட்டவர்களுக்குக் கைமாற்றாகக் காசு தந்தவரின் பெயர் மறக்காது. எங்களிலும் பலருக்கு அப்படி ஒரு பெயர் மனதில் இருக்கும்.

பிறகு அவர் செரின்யான் என்ற கிராமத்தில் கல்லும் பற்றையுமான ஒரு வளவில் குடியிருந்து பூச்சிகளைப் பார்த்தே வாழ்ந்தார். கும்பிடுபூச்சி பற்றிய அவருடைய அத்தியாயங்கள் 1897இல் வந்த ஐந்தாம் தொகுதியில் இருக்கின்றன. கூடு செய்த விதம் எங்கள் வீட்டு வேலை மாதிரி. இறைச்சியை ஈ மொய்க்காமல் மூடுகிற கம்பி வலை மூடி. அடியில் மணல் நிரப்பிய சட்டி. ஏறி நிற்க ஒரு காய்ந்த செடிக்கொத்து. பிறகு முட்டையிடுவதற்கு ஒரு தட்டைக் கல். இரை பிடிக்கிற வேலையை ஊர்ப் பிள்ளைகளிடம் விட்டார். கூலி ஒரு துண்டுப் பாணும் ஒரு கீலம் மெலன் பழமும். காலையும் மாலையும் பிள்ளைகள் வெட்டுக்கிளியைச் சின்னக் கூடுகளில் நிரப்பிக்கொண்டு வருவார்கள். உலகம் முழுக்க வாசிக்கப்பட்ட அந்த அத்தியாயங்களில் பாண் துண்டுக்கு வெட்டுக்கிளி பிடித்த பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, "எங்களுக்கு என்ன சேர் தருவியள்?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ஃபாபர் பட்டினி போடவில்லை. ஆனாலும் அவருடைய கூட்டுக்குள்ளும் பெண் ஆணைத் தின்றது. இரண்டு கிழமைக்குள் ஒரே பெண் ஏழு ஆண்களைத் தின்றதைப் பார்த்ததாக எழுதுகிறார். அதற்குச் சில வருசம் முந்தி, 1886இல், அமெரிக்காவில் ஹவர்ட் என்ற பூச்சியியலாளர் ஒரு போத்தலுக்குள் இதையே பார்த்து எழுதியிருந்தார். இந்த இரண்டு கதையும் பரவிப் பரவி, புருசனைத் தின்னும் பூச்சி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ஃபேஸ்புக்கில் பெண்களைக் கேலி செய்ய இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். ஆனால் ஃபாபர் நேர்மையான வாத்தியார். திறந்த பற்றைக்குள் நடப்பதைத் தான் பார்க்கவில்லை, கூட்டுக்குள் நடப்பதைத்தான் சொல்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறார். வெளியில் ஆணுக்குத் தப்பி ஓட இடம் இருக்கும், கூட்டுக்குள் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்குப் பிறகு கிட்டத்தட்ட 90 வருசம் கழித்து, 1980களில், கலிபோர்னியாவில் லிஸ்கே, டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சீனக் கும்பிடுபூச்சிகளை வேறு விதமாகப் பார்த்தார்கள். வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்தார்கள். ஆட்கள் பக்கத்தில் நிற்காமல் வீடியோ கமராவை வைத்துவிட்டு விலகினார்கள். 30 சோடிகளைப் பதிவு செய்தார்கள். ஒரு ஆண்கூட உண்ணப்படவில்லை. அதுவரை யாரும் கவனிக்காத ஒன்றைக் கண்டார்கள்: ஆணும் பெண்ணும் சேர முன்னர் நீண்ட நேரம் ஆடி அசைந்து ஒருவருக்கொருவர் சைகை காட்டுகின்றன. பசியிலும் நெருக்கத்திலும் அந்தச் சைகைக்கு நேரம் கிடைப்பதில்லை.

அதற்காக இது பாவமறியாத பூச்சி என்று சொல்ல வரவில்லை. திறந்த வெளியில் செய்த ஆய்வுகளிலும் பெண் ஆணைத் தின்றது பதிவாகியிருக்கிறது. பசித்த பெண்தான் கூடுதலாகத் தின்கிறது என்பதும் பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆக, ரோசலின் கண்ணாடி, டெனன்டின் பெட்டி, ஹவர்டின் போத்தல், எங்கள் ஜாம் போத்தல் எல்லாவற்றிலும் பார்த்தவர்கள் பூச்சியின் குணத்தை மட்டும் பார்க்கவில்லை. தாங்கள் செய்த பெட்டியின் குணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, முழுவதையும் பூச்சியின் கணக்கில் எழுதினார்கள்.

இதை வாசித்த இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. 1990 ஒக்ரோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டுப் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு குழாய்க் கிணற்றுக்கு எத்தனையோ குடும்பம். வாளி வரிசையில் ராத்தாமார் தலைமுடியைப் பிடித்துச் சண்டை பிடித்ததைக் கண்ணால் கண்டிருக்கிறோம். கணக்கெடுக்க வந்த ஒருவர், "இந்தச் சனம் சண்டைக்காரச் சனம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதும் காதில் விழுந்தது. அதே வருசங்களில் இந்தத் தீவுகளிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து எங்கெங்கோ பள்ளிக்கூடக் கட்டிடங்களில் இருந்தது. அவர்களைப் பற்றியும் யாரோ எங்கேயோ இப்படிச் சொல்லியிருப்பார்கள். எங்கள் உம்மா யாழ்ப்பாணத்து வீட்டில் பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு நாளும் சத்தமாகக் கதைத்ததில்லை. அங்கே இரண்டு வளவுக்கும் தனித்தனிக் கிணறு இருந்தது.

சரி, பூச்சிக்குத் திரும்புவோம்.

அந்தக் "கொலைகாரியை" வைத்திருப்பதென்று வகுப்பு முடிவு செய்தது. எங்கள் மார்க்கக் கல்வியில் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கும் இரண்டு சம்பவங்கள் உண்டு. ஒன்று, அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த சின்னக் குருவியைப் பற்றி நபியவர்கள் அவனிடம் அன்போடு விசாரித்தது. மற்றது, பூனையைக் கட்டிவைத்துத் தானும் சாப்பாடு போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் கதை. வளர்க்கலாம், ஆனால் பிடித்து அடைத்த உடனேயே அதன் பசிக்கு நீ பொறுப்பாளி. வகுப்பில் இந்துப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள். பூனைக் கதை எல்லோருக்கும் விளங்கியது.

ஃபாபரைப் பார்த்து நாங்களும் சாப்பாட்டை மூடுகிற வலை மூடியொன்றைத் தட்டத்தில் கவிழ்த்தோம். உள்ளே ஒரு பூவரசம் தடி. எறும்பு ஏறாமலிருக்கத் தட்டத்தைத் தண்ணீர் ஊற்றிய இன்னொரு பெரிய தட்டத்துக்குள் ஒரு கல்லின் மேல் வைத்தோம். சீனிப் போத்தலை வீட்டில் வைக்கிற அதே முறைதான். நாளுக்கு ஒரு வெட்டுக்கிளி, வயிறு உப்பியிருந்தால் அடுத்த நாள் ஒன்றும் இல்லை. உயிரோடு அசைகிற இரையைத்தான் அது பார்க்கும். செத்த பூச்சியைப் போட்டால் திரும்பியும் பார்க்காது. தின்று மிச்சம் விட்ட கால், சிறகுகளை அன்றே எடுத்துவிட வேண்டும். வெங்காயத் தறைக்கு மருந்தடித்த கிழமை அங்கே பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். வெட்டுக்கிளி உடம்பில் உள்ள நஞ்சு அதைத் தின்கிறதுக்கும் போகும்.

தண்ணீரைப் பாத்திரத்தில் வைத்தால் குடிக்கத் தெரியாது. வலையில் நாலு துளி தெளித்தால் அதை உறிஞ்சும். இதற்கு ஒரு அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கேட்டார்: "சேர், பவுசருக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஊரில பூச்சிக்கு நல்ல தண்ணி தெளிக்கிறியளாம்?" கேள்வியில் பிழையில்லை. எங்கள் கிணறுகள் உவர். கையில் நாலு துளியைக் காட்டினோம். சிரித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அவருடைய மகன் மழைத்தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில் கொண்டு வந்தான்.

இன்னொரு பிள்ளை வீட்டில் தனியாக ஒரு சின்னக் குஞ்சை வளர்த்தது. ஒழுங்காகச் சாப்பாடு போட்டும் அது செத்துப்போனது. காரணம் பட்டினி இல்லை. கும்பிடுபூச்சி வளர வளரப் பல தடவை தோல் கழற்றும். அந்த நேரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி நழுவி வரும். அதற்கு அதன் உடம்பைப் போல மூன்று மடங்கு உயரமாவது வேண்டும். பிடித்துத் தொங்கக் கரடுமுரடான மேற்பரப்பும் வேண்டும். பிள்ளையின் போத்தல் குட்டை. மூடியும் வழுக்கல். பாதித் தோலோடு விழுந்து கிடந்தது. தோல் கழற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது சாப்பிட மறுக்கும். அந்த நேரம் உள்ளே வெட்டுக்கிளியை விட்டு வைத்தால் வெட்டுக்கிளியே அதைக் கடித்துவிடும். இதை முன்பே சொல்லிக்கொடுக்காதது எங்கள் குறை.

இலங்கையில் இந்தப் பூச்சிகளை நிதானமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கொழும்பு அருங்காட்சியகத்தில் பல காலம் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, பிற்காலத்தில் இலங்கைப் பறவைகள் நூலால் பெயர் பெற்றவர், சில இலங்கைக் கும்பிடுபூச்சிகள் பற்றிய தன் அவதானங்களை 1932இல் அருங்காட்சியகத்தின் 'ஸ்பொலியா செலனிக்கா' இதழில் வெளியிட்டார். டெனன்டின் பெட்டியிலிருந்து ஹென்றி வரை வர 70 வருசத்துக்கு மேல் சென்றிருக்கிறது.

எங்கள் வரண்ட வலயத்துக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய ஒரு இனம் இருக்கிறது. வயலின் கும்பிடுபூச்சி என்பார்கள். மெல்லிய நீண்ட கழுத்து, அதன் நுனியில் அகன்ற தகடு, காய்ந்த இலை போல உடம்பு. தலைகீழாகத் தொங்கும்போது அந்தத் தகட்டின் நிறம் பூப்போலத் தெரிய, ஈயும் வண்ணத்துப்பூச்சியும் ஏமாந்து கிட்ட வரும். கல்கத்தா அருங்காட்சியகத்தின் அன்டர்சன் 1877இலேயே இதைப் பற்றி எழுதினார். வெளிநாடுகளில் பூச்சி வளர்ப்பவர்கள் இதற்கு அலைகிறார்கள். அதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. போதிய பறக்கும் இரை கிடைத்தால் பல ஒன்றாக ஒரே கூட்டில் சண்டையில்லாமல் இருக்கும். கும்பிடுபூச்சி என்றாலே கொலைகாரி என்று எழுதிய டெனன்ட் பெட்டியில் போட்டவை இந்த இனமாக இருந்திருந்தால் அவருடைய நூலில் அந்தப் பக்கம் வேறு மாதிரி வந்திருக்கும்.

அலைகிறவர்கள் என்றதும் ஒரு எச்சரிக்கை. 2024இல் யால சரணாலயத்தில் வண்ணத்துப்பூச்சி உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்த இரண்டு வெளிநாட்டவர் பிடிபட்டு, பிறகு நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. யாராவது வந்து பிள்ளைகளிடம் காசுக்குப் பூச்சி கேட்டால் எங்களுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். வேலியில் ஒன்றைப் பிடித்துச் சில கிழமை பார்த்துவிட்டு அதே வேலியில் விடுவது வேறு. விலைக்குப் பிடிப்பது வேறு.

பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் காட்டினோம். 2016இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் விவேக் நித்தியானந்தாவும் கூட்டாளிகளும் கும்பிடுபூச்சிக்குத் தேன்மெழுகால் ஒட்டிய குட்டிக் கண்ணாடி போட்டு, முப்பரிமாணப் படம் காட்டினார்கள். திரையில் ஓடிய பொய்ப் பூச்சி கைக்கெட்டும் தூரத்தில் மிதப்பதாக நினைத்து அது கையை வீசியது. கண்ணாடி போட்ட பூச்சியின் படத்தைப் பார்த்து வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சோதனை முடிந்ததும் மெழுகைக் கழற்றிவிடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் ஒரு பிள்ளைக்கு நிம்மதி.

எங்கள் பெண் மார்கழி நடுவில் பூவரசம் தடியில் நுரை கக்கி முட்டைக் கூடு வைத்தது. நுரை காய்ந்து மண்ணிறமாக இறுகிவிட்டது. பிறகும் இரண்டு கிழமை இருந்தது. கடைசி நாட்களில் வெட்டுக்கிளியைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. செருப்பைக் கழற்றினவனே வெட்டுக்கிளியின் காலைக் கழற்றி, குச்சி நுனியில் வைத்து அதன் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தபோது செத்திருந்தது. முழு வளர்ச்சியடைந்த பிறகு இவை சில மாதங்களுக்கு மேல் இருப்பதில்லை.

இனி அந்த உதவி. முட்டைக் கூடுள்ள தடியைப் பள்ளிக்கூடத்து வடக்கு வேலியில், மூலையிலிருந்து நாலாவது கதியாலோடு சிவப்பு நூலால் கட்டியிருக்கிறோம். உள்ளே நூற்றுக்கு மேல் குஞ்சு இருக்கலாம். அநேகமாகத் தை முடிவதற்குள் வரும். ஆட்டுக்குக் குழை வெட்டுகிறவர்கள், வேலி அடைக்கிறவர்கள் அந்த ஒரு கதியாலை மட்டும் இந்த மாதம் விட்டுவிடுங்கள். குஞ்சு வெளிவருவதைக் காணும் பிள்ளைகள் பிடித்துப் போத்தலில் போடாமல் முதலில் எங்களுக்குச் சொல்லட்டும். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.